வான்கோழிக்கு எந்த ஊர்?

"ஒரே ஒரு சொல்லுக்கு நாலரை மாசமா?"

தாய்மிக்குக் கோபம் தலைக்கேறியது. பிரஸ்ஸல்ஸ் அகராதிக் குழுவுக்கு அவள் புதுத் தலைவி. மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது: 'வான்கோழி' என்ற சொல்லை இன்றைக்குள் முடித்தால் பதவி நிரந்தரம். இல்லையென்றால் சொந்த ஊரான ஹெல்சின்கிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முடிகிற கூட்டமா அது?

"அது இந்தியாக் கோழி. எங்க மொழியில பேர்லயே இந்தியா இருக்கு!" என்றாள் பிரெஞ்சுக்காரி சொலாஞ்ஜ்.

"மண்ணாங்கட்டி! நாங்க அதைப் 'பெரு'ன்னுதான் கூப்பிடறோம். அப்ப பெரு நாட்டுக் கோழிதானே?" என்று எகிறினார் போர்ச்சுகல்காரர் அன்செல்மோ.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. டச்சுல அது கள்ளிக்கோட்டைக் கோழி!" மேஜையைத் தட்டினார் வவுட்டர்.

"இங்கிலீஷ்காரன் துருக்கிங்கறான். துருக்கிக்காரனைக் கேட்டா அவனும் இந்தியாவைத்தான் கைகாட்டறான்!" என்றாள் சொலாஞ்ஜ் விடாமல்.

"அட ராமா... அது அமெரிக்கப் பறவைன்னு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எழுதி மூடுங்க!" என்றாள் தாய்மி.

"அதெப்படி மேடம்? கள்ளிக்கோட்டைக்கு ஆள் அனுப்பி விசாரிக்க வேண்டாமா?" என்றார் வவுட்டர்.

ஊரார் வரிப்பணத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன வெட்டி அரட்டை! தாய்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும். ஓட்டெடுப்பு! மார்லேன், பதிவேட்டைக் கொண்டு வாங்க."

மூலையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த மார்லேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். நிறைமாத வயிறு. முகம் வெளிறிப்போயிருந்தது. பதிவேட்டை எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள்.

சண்டை சட்டென்று நின்றது. வவுட்டர் தாய்மியின் அருகில் குனிந்தார்.

"மேடம், நாங்கள்லாம் நிரந்தரம். அந்தப் பொண்ணு அப்படியில்ல. குறிப்பெழுதற ஆளை ஒவ்வொரு சொல்லுக்கும் புதுசா எடுக்கறதுதான் இங்க வழக்கம். சொல் முடிஞ்சா அவ வேலையும் முடிஞ்சுது."

"அதுக்கு?"

"அவளுக்குப் பிரசவ விடுப்பு ஆரம்பிக்க இன்னும் இருபது நாள் இருக்கு. அதுவரைக்கும் வேலையில இருந்தாத்தான் விடுப்பு. புருஷனும் இல்ல, பாவம். இந்தக் கோழி இன்னும் இருபது நாள் உயிரோட இருந்தாகணும்."

தொலைபேசி அடித்தது. மேலிடம்.

"என்ன தாய்மி, முடிஞ்சுதா?"

மார்லேன் பதிவேட்டோடு வாசலில் வந்து நின்றாள். தாய்மி அவளையே பார்த்தாள். பெருமூச்சு ஒன்று வந்தது.

"எப்படி சார் முடியும்? முதல்ல அது கோழிதானான்னே இங்க யாருக்கும் தெரியலையே!"