கடல் தெரியும் இடம்

மலைப்பாதையின் கடைசி வளைவில், 'இங்கிருந்து கடல் தெரியும்' என்று ஒரு பலகை நின்றது. சுற்றுலா வேன்கள் அதைப் பார்த்துத்தான் நிற்கும். இறங்குகிறவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், பக்கத்து மரத்துக் குரங்குக்கு நாலு முறுக்கைப் போடுவார்கள், போய்விடுவார்கள்.

ஒரு நாள் அடித்த பேய்க்காற்றில் பலகை அப்படியே கடல் பக்கம் திரும்பிக்கொண்டது. மறுநாள் ஒரு வேன் மட்டும் வேகம் குறைத்தது. உள்ளேயிருந்து ஒரு குரல், "போர்டையே காணோம், இந்த இடம் இல்ல போலருக்கு" என்றது. அந்த வேனும் போய்விட்டது.

மதியத்துக்குள் குரங்குக்கு வயிறு ஒட்டிப்போனது. கீழே இறங்கி வந்து பலகையைப் பிடித்து உலுக்கியது.

"பழையபடி திரும்பி நில்லுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கொஞ்சம் பொறு," என்றது பலகை. "எட்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன், இன்னிக்குத்தான் நானே பார்க்கிறேன். இவ்வளவு பெருசா இருக்கும்னு நினைக்கலை. உனக்கென்ன, மரத்து உச்சியில இருந்து தினமும் பார்க்கிறவன்."

குரங்கு தலையைச் சொறிந்தது. அந்த எட்டு வருஷமும் அது வேன் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.