இரண்டு தட்டு

டிரைவர் காலையிலிருந்து டிரெய்லரின் கரண்ட் பிரேக்கோடு மல்லுக்கட்டினார். பிளக்கைத் துடைத்தார், வயரை மாற்றினார், ம்ஹூம். முன்பெல்லாம் அவர் முன்னால் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். ஜாக்கியில் தூக்கிய டிரெய்லர் சக்கரத்தை மனைவி கையால் சுழற்றிப் பார்த்து டிரெய்லர் தகரத்தில் தட்டுவாள். பிடிக்காவிட்டால் ஒரு தட்டு, பிடித்தால் இரண்டு. அவள் செத்து ஒரு மாதமாகிறது.

பழக்கதோஷத்தில், மிதித்துக்கொண்டே கத்திவிட்டார்: "புடிக்குதாடி?"

பின்னால் ஒரு தட்டு.

இறங்கி ஓடினார். யாருமில்லை. சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் எர்த் வயர் கழன்று தொங்கியது. மாட்டிவிட்டு ஏறி மிதித்தார். "இப்ப?"

இரண்டு தட்டு.

அப்புறம் எத்தனை தடவை கேட்டும் சத்தமில்லை. வேலை முடிந்தால் அவள் ஒரு நிமிஷம்கூட நிற்கமாட்டாள்.

அவர் இறங்கிப் போய், மாட்டிய வயரைப் பிடுங்கிவிட்டார். ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

"புடிக்குதாம்மா?"