களத்தில் விருந்து

எழுபத்தொரு மணி நேரமாக நீலாம்பாள் பேசவில்லை. இணையத்தில் பத்துப் பேர் சேர்ந்து எழுதும் கதை விளையாட்டில் அவள் நடவுக்காரி. அவளை எழுதுபவள் குடவாசல் வேம்பு. எழுபத்திரண்டு மணி நேரம் பேசாத பாத்திரத்தை நீக்கிவிடுவார்கள். மோட்டார் ஓடும் கொட்டகை வாசலில் நின்று வேம்பு தட்டுகிறாள், அழிக்கிறாள். வெயிலில் செல்பேசித் திரை வெளுக்கிறது. கால் கட்டைவிரல் ஈரமண்ணைக் கிண்டிக்கொண்டே இருக்கிறது. கதையின் இடப்பட்டியலில், ‘களம்: பண்ணையார் விருந்து வைக்கும் இடம்’ என்றிருக்கிறது. பட்டியல் போட்ட பஞ்சநதம் துபாயிலிருந்து அழைக்கிறான்.

“என்னங்க, இலை போட்டாச்சு, நீலாம்பாளைக் காணோமே? அது எங்க தாத்தா களம்ங்க. அப்படியே எழுதியிருக்கேன்.”

“தெரியுங்க.”

“அப்புறம் என்ன கோவம்?”

மோட்டார் நிற்கிறது.

“கூலியில ஒரு மரக்கால் நெல்லு கூடக் கேட்டாருன்னு எங்கப்பாவை அந்தக் களத்துலதாங்க கட்டிவச்சு அடிச்சாங்க.”