நம்ம ஆளுங்க

"மாடி போர்ஷன்தான் காலியா கீது. அந்தக் காலை வெச்சுகினு ஏறுவியா?"

சுப்பராயலு நாயக்கர் எதையும் நேராகக் கேட்பவர். யாரையும் நம்பமாட்டார். பால்காரன் ஊற்றும் பாலைக்கூட விரல் விட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். இரும்புலியூரில் அவரிடம் வீடு கிடைப்பது லேசில்லை.

லோகநாதன் பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக் காட்டினான். அதற்குக் கீழே கட்டைக்கால்.

"ஏறிடுவேன் சார். இறங்கத்தான் கொஞ்சம் லேட்டாவும்."

"இன்னா ஆச்சு?"

"யாழ்ப்பாணத்துல கண்ணிவெடி சார். அமைதிப் படையில போயிருந்தேன்."

பக்கத்தில் நின்ற அவன் மனைவி ஜெயக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இடத்தில்தான் பேச்சு முறியும். சேலையூரில் ஒருவர், 'நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்தவனா நீ?' என்று கதவைச் சாத்தினார். பெருங்களத்தூரில் ஒரு அம்மாள், காலையில் எழுந்து நொண்டி முகத்தில் விழிக்க முடியாது என்றாள். மற்றவர்கள் ஜாதியைக் கேட்டார்கள்.

தாம்பரத்தில் ஒரு பேங்கில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. படப்பையிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வர இந்தக் காலால் ஆகாது. வீடு இல்லையென்றால் வேலையும் இல்லை.

"அங்க போயி இன்னா கிழிச்சே?" என்றார் நாயக்கர்.

"ஒண்ணும் கிழிக்கலை சார். போன்னாங்க, போனேன். வான்னாங்க, வந்தேன். கால் மட்டும் வரலை."

நாயக்கர் சிரிக்கவில்லை.

"பேரு இன்னா?"

"லான்ஸ் நாயக் லோகநாதன்!"

பட்டாளத்துப் பழக்கம். பேரைக் கேட்டால் பதவியும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

நாயக்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏ முத்தாலு! வந்துகீறவரு நாயக்கரு! நம்ம ஆளுங்கதான்! காபி போடு!"

"நம்ம ஆளுங்களா? அப்ப குடுய்யா வூட்டை!" என்றபடி முத்தாலம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்டவனையும் ஏத்தாதேன்னு நாந்தான் சொல்லி வெச்சேன். நீ எந்த ஊரும்மா?"

"படப்பை."

"அடடே! அங்க எங்க சித்தப்பா மவ வூடு கீது. உங்க வூட்டை அவளுக்குத் தெரியாம இருக்காது. விசாரிக்கிறேன்."

ஜெயக்கொடி காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

மாடிக்குப் போனார்கள். லோகநாதன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே ஏறினான். ரெண்டு ரூம், நல்ல காற்று. சமையல் மேடையை ஜெயக்கொடி கையால் தடவிப் பார்த்தாள். நாயக்கர் சாவியை நீட்டினார்.

லோகநாதன் வாங்கவில்லை.

"சார், ஒரு விஷயம்..."

ஜெயக்கொடி அவன் காலை ஓங்கி மிதித்தாள். மிதித்தது கட்டைக்காலை. அவனுக்கு எப்படி உறைக்கும்?

"நான் நாயக்கர் இல்லை சார். நாயக். அது பட்டாளத்துல குடுக்கிற பதவி. நாங்க வேற ஆளுங்க. நாளைக்கு உங்க சம்சாரம் விசாரிச்சு, சாமானைத் தூக்கி ரோட்டுல போடறதுக்குப் பதிலா இப்பவே சொல்லிடறேன்."

"கால்தான் போச்சுன்னு நெனைச்சேன்," என்றாள் ஜெயக்கொடி, பல்லைக் கடித்துக்கொண்டு. "மூளையும் அங்கியே போயிடுச்சாய்யா?"

"பொய் சொல்லிட்டு ஒரு வூட்ல எப்படிடீ தூங்கறது?"

"வூடு இருந்தாத்தானே தூங்கறதுக்கு!"

 நாயக்கர் படிக்கட்டுப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, லோகநாதனின் கையைப் பிடித்துச் சாவியை அதில் வைத்து அழுத்தினார்.

"மெதுவாப் பேசுய்யா, கீழ அவ காதுல வுழப்போவுது," என்றார். "பர்மா சண்டையிலேர்ந்து வந்து எங்கப்பன் இங்க குடியேறினப்போ, அவரும் வெறும் நாயக்தான். பின்னால 'கர்' போட்டது இந்த ஊரு."