அடைபட்ட வட்டம்

"ஒரே ஒரு மார்க், மிஸ். அதுல என் பொண்ணுக்கு ஏ பேட்ச் போச்சு!"

இரும்புலியூரில் மாடி அறையில் கணக்கு டியூஷன் எடுக்கும் ருக்ஸானா மிஸ் முன்னால், ப்ளஸ் ஒன் டெஸ்ட் பேப்பரைத் தட்டென்று வைத்தாள் நாகலக்ஷ்மி. பக்கத்தில் மகள் சுபாஷிணி, தரையைப் பார்த்தபடி.

"எந்தக் கணக்கு மேடம்?"

"கிராஃப் கணக்கு. x ரெண்டை நெருங்கும்போது லிமிட் மூணுன்னு எழுதியிருக்கா. டிக் போட்டுட்டீங்க. சரியா ரெண்டுல ஃபங்ஷனோட மதிப்பும் மூணுன்னு எழுதியிருக்கா. அதுக்கு மட்டும் ஏன் இன்ட்டு?"

"கோடு மூணை நோக்கித்தான் போகுது. ஆனா அந்த இடத்துல காலி வட்டம். காலி வட்டம்னா, அந்த மதிப்பு அங்க கிடையாது."

"எங்கே காலி? கண்ணாடி போட்டுப் பாருங்க. அடைச்சிருக்கு! நான் கான்வென்ட்ல படிச்சவ. மார்க் பிச்சை கேக்கற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

மிஸ் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நான் திருத்தும்போது காலியாத்தான் இருந்தது. இது ஜெராக்ஸ் மை இல்ல மேடம், பால்பாயின்ட். அடைச்சவங்க கொஞ்சம் கீழேயும் பார்த்திருக்கலாம். அதே ரெண்டுக்கு நேரா, ஒண்ணுல ஏற்கெனவே ஒரு அடைச்ச புள்ளி இருக்கு. ஒரே x-க்கு ரெண்டு மதிப்பு வந்தா, அது ஃபங்ஷனே இல்ல."

நாகலக்ஷ்மி கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

மிஸ் சுபாஷிணியைப் பார்த்தாள். "யார் பண்ணது?"

"நான்தான் மிஸ். ஸாரி."

"அப்ப இந்த வருஷம் முழுக்க பி பேட்ச்தான். நாளைக்கு கிளாஸ் முடியறவரைக்கும் நின்னுட்டே எழுதணும்."

"நல்லா நிக்க வைங்க மிஸ்!" நாகலக்ஷ்மி சட்டென்று நிமிர்ந்தாள். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு நேர்மைன்னா கிலோ என்ன விலைன்னு கேக்குதுங்க!"

பாதிப் படி இறங்கியதும் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். குரல் பாதாளத்துக்குப் போயிருந்தது.

"ஏண்டி, நான் பண்ணினதை நீ பண்ணினேன்னு எதுக்குடி சொன்னே?"

"பி பேட்ச்னா பரவாயில்ல, நாளைக்கு ஒரு மணி நேரம் நின்னா தீர்ந்துதும்மா. நீதான்னு தெரிஞ்சா, கீழே ஸ்கூட்டியோட காத்திருக்கற அம்மாங்க முன்னாடி உன்னால என்னிக்குமே நிக்க முடியாது."