உருகிய ஐஸ்கிரீம்

அல்மாட்டி பால் ஆலையில் அன்று குதிரைப்பால் ஐஸ்கிரீமுக்கு மூன்றாம் கட்ட ஆய்வு. அதை உருவாக்கிய மர்ஜான் மேசையைக் குத்தினாள்.

"போன ரெண்டு கட்டத்துலயும் நான் கத்துனது உங்க காதுல ஏறல. இன்னைக்காவது ஒரு வாய் தின்னுட்டு முடிவு சொல்லுங்க!"

கிண்ணங்கள் உருகிக்கொண்டிருந்தன. ஒருவரும் தொடவில்லை.

"அடேங்கப்பா, என்ன கோவம்!" என்று சிரித்தார் ஆய்வுக் குழுத் தலைவர் குவானிஷ். "பாஸ் பண்ணியாச்சும்மா! அடுத்த மாசம் கடைக்குப் போகுது."

எல்லோரும் கைதட்டினார்கள்.

மர்ஜான் ஒரு கிண்ணத்தை அவர் முன்னால் தள்ளினாள். "நிறுத்துங்கன்னுதானே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! செஞ்ச எனக்கே குமட்டுது!"

"தெரியும்மா. அதான் யாரும் வாயில வெக்கல," என்றார் குவானிஷ். "முதலாளியம்மாவோட யோசனைய வேண்டாம்னு நாங்க எப்படிச் சொல்றது? வாங்குற ஜனங்க துப்பிச் சொல்லட்டும்."