ஒப்படைப்பு

“அப்படிப் பிடிச்சு இழுக்காதீங்க, தோல் உரிஞ்சிடும். தோளுக்கு அடியில ஒரு கை, இடுப்புக்கு அடியில ஒரு கை குடுங்க.”

ஃபிளோரா சொன்னபடியே அமலி கையைக் கொடுத்துத் தூக்கினாள். அடைக்கலசாமி மெல்லப் புரண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அமலி வந்ததிலிருந்தே அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இப்படித் திருப்பணும். மறந்தீங்கன்னா புண்ணு வந்துடும். போன கோடையில வந்தது ஆறவே மாசக்கணக்குல ஆச்சு.”

“மறக்க மாட்டேன்” என்றாள் அமலி. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

பங்குச்சாமியார் பேசி ஏற்பாடு செய்து, இந்த வாரம்தான் அமலி ஒரு துணிப் பையோடு திருக்காட்டுப்பள்ளிக்கு வந்து இறங்கியிருந்தாள். ஃபிளோராவுக்குத் தஞ்சாவூர் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அடைக்கலசாமியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே!

நெல் கொள்முதல் நிலையத்தில் லாரியில் மூட்டை அடுக்கும்போது விழுந்தவர் அவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது போனதுதான். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்த ஃபிளோரா, பள்ளிக்கூடம் போகுமுன் ஒருமுறையும் வந்த பின் ஒருமுறையும் அப்பாவைத் துடைத்து, துணி மாற்றி, அதற்கு நடுவிலேதான் படித்து வளர்ந்தாள்.

அமலி ஈரத்துணியைப் பிழிந்து அவர் கால்களைத் துடைக்க ஆரம்பித்தாள். சுள்ளி போல மெலிந்திருந்த அந்தக் கால்களைப் பார்க்க அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள்.

“கண்ணை மூடினா எப்படிங்க? குதிகால் சிவந்திருக்கான்னு பார்த்துக்கிட்டே துடைக்கணும்.”

“தப்புதான். மன்னிச்சுக்க.”

ஃபிளோராவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினாள்.

அடுப்பில் கஞ்சி கொதித்தது. உப்பு போடப் போன அமலியின் கை தானாக உயரத்திலிருந்த பலகைக்குப் போய்த் துழாவியது.

“அங்க இல்லைங்க. எனக்கு எட்டலைன்னு அப்பவே எல்லாத்தையும் கீழ்த் தட்டுக்கு மாத்திட்டேன்.”

அமலி சுட்டுக்கொண்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை இந்த அடுப்படியில் எட்டி எட்டி உப்புத் தேடியது அவள் கண்முன்னே வந்தது. கஞ்சியைக் கிண்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. புதிதாகத் தைத்து வந்த வெள்ளைச் சீருடை, கறுப்பு ஷூ, கொண்டைக்கு வலை, நாடி பார்க்க வினாடி முள் வைத்த கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக ஃபிளோரா எடுத்து வைத்தாள்.

“நான் மடிச்சு வைக்கட்டுமா?” என்று அமலி குனிந்தாள்.

“வேணாங்க. எனக்கு நானே செஞ்சுதான் பழக்கம்.”

அமலி தள்ளி நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சீருடையை மடியில் வைத்தபடியே ஃபிளோரா தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நான் போறது தப்புங்களா? பெத்த அப்பாவைப் படுக்கையில போட்டுட்டு, ஊர்ல உள்ள நோயாளிங்களைப் பார்த்துக்கப் படிக்கப் போறேன்.”

அமலியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீ போறது தப்பில்ல. படிச்சுட்டுத் திரும்பி வருவ. போனவ திரும்பி வராம இருந்தாத்தான் பாவம்.”

ஃபிளோரா பெட்டியின் ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்து மூடினாள்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அடைக்கலசாமி மகளைக் கிட்டே கூப்பிட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார்.

“அழாமப் போயிட்டு வாம்மா. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது.”

“நேரத்துக்குச் சாப்பிடுங்கப்பா. திருப்பிப் படுக்க வைக்க வந்தா வீம்பு பண்ணாதீங்க.”

அவர் அமலி நின்ற பக்கம் பார்க்காமலே தலையசைத்தார்.

ஆட்டோக்காரர் பஞ்சநதம் அமலியை ஏற இறங்கப் பார்த்தார். பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தார். அமலி பக்கெட்டையும் குவளையையும் கொண்டுவந்து ஃபிளோராவின் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். ‘போயிட்டு வா’ என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்தாள்.

ஆட்டோ கிளம்பி, வாய்க்கால் மதகுவரை போய் நின்றது. ஃபிளோரா இறங்கி வேகமாகத் திரும்பி நடந்து வந்தாள்.

“ஏதாச்சும் விட்டுட்டியா?” என்று பதறினாள் அமலி.

ஃபிளோரா இல்லையென்று தலையாட்டினாள். வந்த நாளிலிருந்து நேராகப் பார்க்காத அந்த முகத்தை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். அமலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தத் தடவையாவது எங்களை விட்டுட்டுப் போயிடாதம்மா.”